எரிந்த சரிவில் ஒரு மிளா

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. இதை எழுதும்போதுகூட மேஜைக்குக் கீழே வலது கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. "கால்ல தையல் மிஷின் கட்டியிருக்கியா?" என்று மாமு கேட்காத நாள் கிடையாது.

மாமு என் அம்மாவின் அண்ணன். அத்தா மௌத்தான பிறகு அம்மாவும் நானும் மதுரையில் அவர் வீட்டில்தான் இருந்தோம். பழைய ஊருக்குள் அவருக்கு அத்தர்க் கடை. முன்னால் ஒரு ஆள் அகலம்; உள்ளே போகப் போகக் குகை மாதிரி நீளும். சுவர் முழுக்கக் குப்பிகள். அவர் தலைக்கு மேலே, கடைக்குச் சம்பந்தமே இல்லாமல், ஒரு லைசென்ஸ் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கும். ரெட்டைக் குழல் துப்பாக்கிக்கான லைசென்ஸ். அத்தர் விற்கிற மனுஷருக்கு வருஷத்தில் ஒரு தடவை வேட்டைக்குப் போகாவிட்டால் உடம்பு சரியாக இருக்காது.

நான் மிஷன் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்திருந்தேன். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு அது. கூடப் படித்தவர்கள் சிலர் கிளார்க் வேலைக்கு மனுப் போட்டார்கள், சிலர் மிஷன் பள்ளிக்கூடங்களில் வாத்தியார் ஆகப் போனார்கள். நான் காட்டிலாகாப் படிப்புக்கு ஒரு ஃபாரம் வரவழைத்து, எல்லாக் கட்டத்தையும் ஒரே மூச்சில் நிரப்பி வைத்திருந்தேன். ஒரு கட்டம் மட்டும் காலி. கார்டியன் கையெழுத்து.

மாமு அந்தத் தாளை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, கல்லாப் பெட்டிக்கு அடியில் வைத்தார்.

"காட்டு உத்தியோகம்னா என்னன்னு தெரியுமா? ஓடுறது இல்ல. உக்கார்றது. நீ ஜும்மா பயான் கேக்கும்போதே நாலு தடவ திரும்பிப் பாக்குற ஆளு."

"உக்காருவேன் மாமு."

"எங்க, இப்ப உக்காந்திருக்கியா?"

நின்றுகொண்டிருந்தேன். அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

இரண்டு நாள் அவர் பின்னாலேயே அலைந்தேன். அந்த மாசியில் பேரையூருக்கு மேற்கே மலைச்சரிவில் தீப்பிடித்து ஒரு வாரத்துக்கு மேல் எரிந்திருந்தது. பங்குனியில் இரண்டு மழை. தாவரப் பாடம் எடுத்த வாத்தியார் கொடுத்த ஒரு தடிப் புத்தகத்தில் படித்திருந்தேன்: எரிந்த நிலத்தில் மழை விழுந்தால் முதலில் வருவது புல், புல்லுக்குப் பின்னால் மான், அதிலும் பெரிய சாதி மிளா. சாம்பலை நக்கவும் அவை வரும், அதில் உப்பு இருக்கிறது. இதை மாமுவிடம் ஒப்பித்தேன்.

"எரிஞ்ச காட்டுல எலிகூட இருக்காது" என்றார்.

"இருக்கும். பந்தயம்?"

"பந்தயம் ஹராம்" என்றார் மாமு. பிறகு குப்பிக்கு மூடி போட்டபடியே, "சரி. போவோம். நீ சுடு. நான் சாப்பிடக்கூடிய மாதிரி ஒரு துண்டுக் கறி வீட்டுக்கு வரட்டும். அன்னைக்குக் கையெழுத்து" என்றார்.

ஃபாரம் போய்ச் சேரவேண்டிய கடைசி நாளுக்கு ஒன்பது நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறினோம். டி. கல்லுப்பட்டி தாண்டியதும் பஸ் ஓரிடத்தில் நின்றுவிட்டது. டிரைவர் பானெட்டுக்குள் தலையை விட்டார். எல்லாரும் புளியமர நிழலில் படுத்தார்கள். நான் மட்டும் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "தம்பி, நீங்க சுத்துற வேகத்துக்கு உங்களையே பூட்டி இழுக்கச் சொல்லலாம்" என்றார் கண்டக்டர். மாமு சிரிக்கவில்லை. விரலால் ஒரு ஒன்று எண்ணிக் காட்டினார். என் மேல் முதல் குற்றம் பதிவாகிவிட்டது என்று அர்த்தம்.

பேரையூரில் ஜும்மா தொழுதோம். அங்கிருந்து மாட்டு வண்டி. மலையடியில் ஒரு சின்னக் கிராமத்தில் மாமுவின் பழைய வேட்டைச் சிநேகிதர் இருந்தார். நாற்பது வயசிருக்கும், ஆடு மேய்ப்பவர், அந்தச் சரிவில் ஒவ்வொரு கல்லும் அவருக்குத் தெரியும். மாமு அவருக்கு அண்ணன், அதனால் நான் மாப்பிள்ளை.

"வாங்கண்ணே. மாப்ள, வாங்க. இந்தத் தடவ புதுத் துப்பாக்கியா?"

"பழைய துப்பாக்கிதான். கை புதுசு" என்றார் மாமு.

நடந்துகொண்டே அவருக்கும் என் புல், சாம்பல், உப்புப் பாடத்தை எடுத்தேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "அம்புட்டும் சரிதான் மாப்ள. ஆனா என் ஆடு ஒன்னுகூட எழுதப் படிக்கத் தெரியாதது. மழை பேஞ்ச மறுநாளே அங்கதான் ஓடுச்சு. அதுக்கு யாரு வாசிச்சுக் காட்டுனா?" என்றார். மாமு இப்போது சிரித்தார்.

எரிந்த காட்டை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கறுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கறுப்புதான், ஆனால் அதன் மேல் யாரோ கிளிகளைப் பிய்த்துப் போட்ட மாதிரி அங்கங்கே பச்சை. கரிக்கட்டையாய் நின்ற ஈச்சம்புதரின் நடுவிலிருந்து குருத்து குத்திட்டு வந்திருந்தது. விழுந்த மரம் ஒன்று படுத்த வாக்கிலேயே எரிந்து முடிந்து, தரையில் தன் உருவத்தை வெள்ளைச் சாம்பலாக விட்டிருந்தது. கிளை, கவட்டை எல்லாம் கோடு மாறாமல் இருந்தன. வெந்த நத்தை ஓடுகள் காலடியில் நொறுங்கின. ஒவ்வோர் அடிக்கும் கரி சத்தம் போட்டது. அந்தச் சரிவில் மிருகத்தைத் தேடி நடக்க முடியாது, அது வரும்வரை உட்கார்ந்தே ஆகவேண்டும் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. மாமு தெரிந்துதான் பேசியிருக்கிறார்.

வெள்ளைச் சாம்பல் கோட்டில் நாக்கால் வழித்த தடம் இருந்தது. பக்கத்தில் பிளந்த குளம்படி. நான் மாமுவைப் பார்த்தேன். அவர் குளம்படியைப் பார்த்தார். எலிகூட இருக்காது என்று சொன்னதை இரண்டு பேருமே நினைவுபடுத்தவில்லை.

முதல் நாள் சாயங்காலம் நானும் மாமுவும் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். ஆட்டுக்காரர் மேலே முகட்டில். காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து லேசாகத் திரும்பித் திரும்பி வந்தது. வெயில் இறங்கும் நேரம், கீழ் ஓடைப் பக்கமிருந்து இரண்டு பெட்டை மிளாக்கள் ஏறி வந்தன. பின்னால் ஒரு கிடா. இவ்வளவு பெரிய உருவம் அந்தக் கரி மேல் எப்படிச் சத்தமில்லாமல் வருகிறது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் முன்னால் வந்த பெட்டை நின்றது. மூக்கைத் தூக்கியது. முன்னங்காலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பித்தளை அண்டாவில் கட்டையால் அடித்த மாதிரி ஒரு குரல் கொடுத்தது. அவ்வளவுதான். சரிவு காலி.

"நான் அசையல மாமு. சத்தியமா."

"அசையலதான்" என்றார் மாமு. அவருக்கே குழப்பம்.

ஆட்டுக்காரர் முகட்டிலிருந்து இறங்கி வந்தார். பத்தடி தள்ளி நின்று, மூக்கை உறிஞ்சினார். இன்னும் இரண்டடி வந்தார். என் காதுப் பக்கம் குனிந்தார்.

"மாப்ள. வேட்டைக்கு வந்தீகளா, பொண்ணு பாக்க வந்தீகளா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஜும்மாவுக்கு முன் பள்ளிவாசல் ஹௌஸ் தண்ணீரில் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டு, எல்லா வெள்ளிக்கிழமையும் செய்வதுபோல, சட்டைப் பையிலிருந்த அத்தர்ப் பஞ்சை எடுத்து இரண்டு காதுக்குப் பின்னாலும் தேய்த்திருந்தேன். கை தானாகச் செய்த வேலை. மாமு வேட்டைத் துணிகளைக் கடைப் பக்கமே கொண்டுவருவதில்லை. வைக்கோலோடு சாக்கில் கட்டி விறகு அறையில் போட்டிருப்பார். எனக்கும் அதிலிருந்துதான் காக்கி டிராயர் கொடுத்தார். துணி சரி. காது?

"அண்ணே, உங்களுக்குமா தெரியல?" என்று கேட்டார் ஆட்டுக்காரர். "மல்லியப்பூ வாசம் முகடு வரைக்கும் வந்துச்சே. எரிஞ்ச காட்டுல பூ எங்கன்னு நானே தேடுனேன்."

மாமு தன் மூக்கைத் தடவிப் பார்த்தார். முப்பது வருஷம் அத்தர்க் குப்பிகளுக்கு நடுவில் உட்கார்ந்த மூக்கு அது. எங்கள் வீட்டில் யாருக்குமே அத்தர் மணக்காது. இந்த உலகத்தில் ஒரு மிளாவிடம் இப்படி மாட்டிக்கொள்ளக்கூடிய ஆட்கள் நாங்கள் மட்டும்தான் என்று தோன்றியது. எனக்குச் சிரிப்பு வந்தது. மாமு இரண்டாவது விரலை நீட்டியதும் நின்றது.

மறுநாள் காலையில் ஓடை மணலால் காதைத் தேய்த்தேன். தோல் சிவந்தது. அரப்புப் போட்டுத் தேய்த்தேன். ஆட்டுக்காரர் திருப்திப்படவில்லை. ஒரு எரிந்த கட்டையின் சாம்பலை ஈரமாக்கி, கழுத்து, காது, முழங்கை என்று எனக்கு அப்பினார். "இப்பதான் மனுச வாசம் வருது" என்றார்.

பகல் போகமாட்டேன் என்றது. கிராமத்தின் கிணற்றடிக்கும் வேப்பமரத்துக்கும் இடையில் எத்தனை தடவை நடந்தேன் என்று கணக்கில்லை. காட்டிலாகா கொடுத்த பெர்மிட் அன்றோடு முடிகிறது. மூன்று மணிக்கு மாமு துப்பாக்கியை என் கையில் கொடுத்தார், கத்தியை என் இடுப்பில் செருகினார்.

"கேட்டுக்க. விசையை இழுக்கும்போது பிஸ்மில்லா சொல்லிச் சுடு. விழுந்தா ஓடு. உயிர் இருக்கும்போதே அறுத்துரு. ஓடுறதுக்குள்ள உயிர் போயிருந்தா, அல்லா பேரைச் சொல்லிச் சுட்டிருந்தியான்னு பாப்பேன். மார்க்கம் படிச்ச ஆலிம்கள் அதுல ரெண்டு பேச்சுப் பேசுவாங்க. எனக்கு அது போதும். ரெண்டும் இல்லன்னா அது எனக்குக் கறி இல்ல."

"தெரியும் மாமு."

"தெரியும்கிறது உன் நாக்குலயே நிக்குது. ஒரு தடவ காதுல போட்டுக்க."

அவர் கீழே ஓடைக்கரையில் தங்கிவிட்டார். ஆட்டுக்காரரும் நானும் மேலே போய், காற்றுக்கு எதிராக, வெந்து செங்கல்லாகிப்போன ஒரு புற்றுக்குப் பின்னால் உட்கார்ந்தோம்.

உட்கார்ந்தோம் என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டேன். கால் மணிக்குள் என் வலது முட்டி ஆட ஆரம்பித்தது. அவர் அதன் மேல் கையை வைத்தார். இடது முட்டிக்கு மாறியது. "மாப்ள, நிலம் ஆடுது" என்று முணுமுணுத்தார். கட்டெறும்பு ஒன்று கணுக்காலில் ஏறி முட்டிவரை வந்து திரும்பிப் போனது. அதைத் தட்டிவிடாமல் இருந்தது என் வாழ்க்கையிலேயே பெரிய காரியம். ஒரு கரிச்சான் குருவி கருகிய கிளையில் உட்கார்ந்து, பறந்து, திரும்ப அதே கிளைக்கே வந்தது. அது பறந்த ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு எழுந்தது. ஃபாரம், கடைசி நாள், காட்டிலாகாவின் காக்கி உடுப்பு, வெளியூர் ரயில் எல்லாம் தலைக்குள் ஓடின. உடம்பு ஓடாததால் தலை இரண்டு மடங்கு ஓடியது.

"உதட்டக்கூட அசைக்காதீக" என்றார் அவர், தன் உதட்டை அசைக்காமலே. "இது ஏற்கெனவே நேத்துப் பயந்த உருப்படி. பல்லு மினுங்குனாலே போயிரும்."

சரி என்று தலையசைக்கப் போனேன். அதையும் செய்யவில்லை.

ஏதோ ஒரு நேரத்தில், எப்போது என்று தெரியாது, என் கால் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. அதுவே நின்றது. கரிச்சான் பறந்தபோது உடம்பு எழவில்லை. சாம்பல் அப்பிய என் முழங்கை மேல் ஒரு தட்டான் வந்து உட்கார்ந்தது, என்னைக் கட்டை என்றே நினைத்துவிட்டது.

கிடா தனியாக வந்தது. நேற்று வந்த அதே கிடாவா, வேறா, தெரியாது. புல்லைத் தொடவில்லை. நேராக அந்த வெள்ளைச் சாம்பல் மரத்துக்கு வந்து, குனிந்து, நக்கத் தொடங்கியது. வாயைச் சுற்றி மாவு பூசின மாதிரி ஆனது. ஐம்பது அடி இருக்கும். துப்பாக்கி முன்னாலேயே புற்றின் மேல் சாய்த்து வைத்திருந்ததால் நான் தூக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்தேன். மூச்சை விட்டேன். கழுத்து. இழுத்தேன்.

அது ஓடவே இல்லை. நின்ற இடத்திலேயே முன்னங்கால் மடிந்து, தன் சாம்பல் மேலேயே படுத்தது.

பிறகு ஓடினேன். நான் என்றால் ஓட்டம்தானே. கத்தியை உருவிக்கொண்டே ஓடினேன், கரி காலில் குத்தியது, ஒரு தடவை விழுந்தேன். போய்ச் சேர்ந்தபோது கண் திறந்திருந்தது. ஆட்டுக்காரர் ஒரு புல்லைப் பிடுங்கிக் கண்மணியைத் தொட்டார். இமைக்கவில்லை. கத்தியை வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றேன். சுட்டது அம்புட்டுச் சரியாகப் போய்விட்டது. கொஞ்சம் தப்பாகச் சுட்டிருந்தால் அறுக்க நேரம் கிடைத்திருக்கும்.

மாமு மூச்சு வாங்க மேலே வந்தார். கிடாவைப் பார்த்தார். அவர் முகம் அவ்வளவு விரிந்து நான் பார்த்ததில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு கண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"போயிருச்சு. பரவால்ல. பிஸ்மில்லா சொல்லித்தானே சுட்ட?"

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் ஆட்டுக்காரர் பேசிவிட்டார். என்னைப் புகழவேண்டும் என்ற ஒரே ஆசைதான் அவருக்கு.

"அட நீங்க வேற. அவரு வாயவே தொறக்கலண்ணே. உதட்டக்கூட அசைக்காதீகன்னேன், அப்படியே கல்லாப் போயிட்டாரு. நானும் எத்தனையோ பேரோட உக்காந்திருக்கேன், இப்படி உக்கார்ற ஆளப் பாத்ததில்ல. உங்க மருமகன் மேல தட்டான் வந்து உக்காருது."

மாமுவின் கை என் தோளிலேயே இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கெஞ்சுகிற மாதிரி ஏதோ.

"உதடு அசையாமயும் சொல்லலாம். உள்ளுக்குள்ள, நாக்கு மட்டும். சொன்னியா?"

சொல்லியிருக்கலாம். சொன்னேன் என்று ஒரே ஒரு வார்த்தை. யாருக்கும் தெரியப்போவதில்லை. கேள்வி முடியும் முன்னே பதில் சொல்கிற நாக்கு என்னுடையது. ஆனால் அன்று பூராவும் அசையாதே அசையாதே என்று அடக்கி வைத்திருந்த நாக்கு, அந்த நேரத்திலும் அவசரப்படவில்லை. அந்த இடைவெளியில் விசையை இழுத்த நொடியை நினைத்துப் பார்த்தேன். அங்கே கழுத்து இருந்தது, மூச்சு இருந்தது, வேறெதுவும் இல்லை. இந்தக் கறியை அவர் வாயில் வைக்கும்போது நான் எதிரே உட்கார்ந்திருக்கவேண்டும்.

"இல்ல மாமு. மறந்துட்டேன்."

தோளிலிருந்து கையை எடுத்தார்.

ஆட்டுக்காரருக்கு விஷயத்தை விளக்கியபோது அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "இந்த வாய வச்சுக்கிட்டு நான் சும்மா இருந்திருக்கலாமேண்ணே."

"உன் மேல என்ன தப்பு? கறி உங்க ஊருக்கு நல்ல கறிதான். எடுத்துக்கங்க."

அதிலும் ஒரு சிக்கல். அந்த ஊர் வழக்கப்படி கொம்பு அவர்கள் சாமி மரத்துக்கு, கறி ஊருக்கு, ஆனால் ஒரு பின்னந்தொடையும் தோலும் சுட்டவருக்கு. சுட்டவர் பங்கை எடுக்காவிட்டால் அந்தச் சரிவில் யார் துப்பாக்கியும் பேசாதாம். சொல்லிக்கொண்டே தொடையை வாழைமட்டையில் கட்டி என் முன்னால் வைத்துவிட்டார்கள். நான் மாமுவைப் பார்த்தேன். அவர் தொடையை ஆட்டுக்காரர் பக்கம் தள்ளி வைத்தார்.

"தொடைய உங்க வீட்டுக்கு அவன் கொடுத்ததா வச்சுக்க. தோல நாங்க எடுத்துக்கிறோம். கறிதான் எங்களுக்கு ஆகாது. தோல் பதம் போட்டா சுத்தமாயிரும்."

ஆட்டுக்காரருக்கு முகம் தெளிந்தது. உப்புத் தடவிச் சுருட்டிய தோலோடு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினோம். அது எங்கள் காலடியில் நாறிக்கொண்டே வந்தது. கண்டக்டர் ஏதோ சொன்னார். மாமு வழி நெடுக ஒரு விரலும் எண்ணவில்லை. எண்ணினால் தேவலை என்று இருந்தது. தோல் பதம் போடத் திண்டுக்கல் கிடங்குக்குப் போனது.

ஃபாரம் கல்லாப் பெட்டிக்கு அடியிலேயே இருந்தது. ஐந்து நாள் மிச்சமிருந்தது, மூன்று, ஒன்று. நான் கேட்கவில்லை. கேட்டால் போட்டுவிடுவாரோ என்று ஒரு பயம், போடமாட்டாரோ என்று இன்னொன்று. கடைசி நாள் தபால் கட்டுகிற நேரத்தில் நான் வைகைப் பாலத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடந்துகொண்டிருந்தேன். அதன் பிறகு கடையில் உட்கார்ந்தேன். கண்ணாடிக் குச்சியால் பெரிய குப்பியிலிருந்து சின்னக் குப்பிக்குச் சொட்டுச் சொட்டாக அத்தர் ஊற்றுகிற வேலை. முதல் மாதம் சிந்தினது பாதி. கால் ஆடும்போதெல்லாம் மேஜை ஆடும், சொட்டு வெளியே விழும். வாசம் எங்களுக்குத் தெரியாததால், எவ்வளவு சிந்தியிருக்கிறது என்பதை வாசலில் நிற்கிற வாடிக்கைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொள்வோம்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் மாமு வெளியே போய்விட்டு நனைந்து வந்தார். துணியில் சுற்றிய எதையோ என் மடியில் போட்டார். பிரித்தேன். கணுக்காலுக்கு மேல் வரும் ஒரு ஜோடி பூட்ஸ். கனமான, எண்ணெய் ஊறின, செம்மண் நிறத் தோல். தோலை உற்றுப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அந்தக் கிடாவுடையதுதான். கையெழுத்திட்ட தாள் உள்ளே இருக்கும் என்று நினைத்து வலது பூட்ஸுக்குள் கையைவிட்டுத் துழாவினேன். உருவம் கலையாமலிருக்கத் திணித்த பழைய செய்தித்தாள்தான் வந்தது.

"போட்டுப் பாரு."

போட்டேன்.

"இறுக்குதா?"

"இறுக்குது மாமு."

"நடந்தா விட்டுக் கொடுக்கும்."

"கடைக்குள்ள எங்க நடக்க?"

மாமு குடையை உதறி மூலையில் சாத்தினார். "கடைக்கு இம்புட்டுக் கனத்துல எதுக்குடா பூட்ஸு? அந்த ஃபாரம் தேதி போயிருச்சு. புதுசு ஒன்னுக்கு எழுது" என்றார். பிறகு நான் எழுந்த வேகத்தில் மேஜை ஆடி ஒரு குப்பி விழுந்ததைப் பார்த்துவிட்டு, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, ஒரு விரலை நீட்டினார்.

புது ஃபாரம் தபாலில் வரப் பதினோரு நாள் ஆனது. பதினோரு நாளும் அந்தப் பூட்ஸோடு வைகை மணலில் நடந்தேன், ஒரு நாள் விளாங்குடி வரைக்கும் போய்த் திரும்பினேன். இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்தது. மிளாத் தோல் அதற்குப் பிறகுதான் விட்டுக் கொடுத்தது.